ஃபேர்னா ஏரியின் வெள்ளை வீரர்

இந்தப் பக்கத்து மழை பிடித்தால் மூன்று நாள் விடாது, சாமி. இன்று இரண்டாம் நாள்தான். காலுறையைக் கழற்றி அடுப்போரம் போடுங்கள். சதுப்பில் வெட்டிய கரிமண் மெதுவாகத்தான் எரியும், ஆனால் துணியை நன்றாகக் காய வைக்கும்.

நீங்கள் மடத்திலிருந்து எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வெள்ளை வீரரைப் பற்றி ஊரார் சொல்வதை எழுதிக்கொண்டு போக வந்திருக்கிறீர்கள். பள்ளத்தாக்கில் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். செஞ்சிலுவை போட்ட வெள்ளை மேலங்கியோடு திபோ ஐயா சாம்பல் நிறக் குதிரையில் மலையேறிப் போனார், ஸ்டர்லிங்குக்குக் கீழே பானக் ஓடைக்கரையில் ஆங்கிலேயரை எதிர்த்து நம் அரசருக்காகப் போரிட்டார், போர் முடிந்ததும் மூடுபனிக்குள் மறைந்தார். காய்ச்சல் கண்ட பிள்ளைகளை அந்த மேலங்கியின் மேல் படுக்க வைக்கிறார்கள். சிலது பிழைக்கவும் செய்கிறது. நான் இதில் எதையும் மறுத்ததில்லை. ஆனால் நீங்கள் எழுதி வைக்கிறவர். எழுதுகிறவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் மரியாதை.

இந்த வீடு டெம்ப்ளர் சபையுடையது. துறவிகள்தான், ஆனால் வாள் எடுத்த துறவிகள். பிரபுக் குலத்து வீரர்களுக்கு வெள்ளை அங்கி. என்னைப் போல ஏவல் செய்கிற சகோதரர்களுக்குப் பழுப்பு. இங்கே நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஒரு மாவு ஆலை, கொஞ்சம் ஆடு, ஒரு கிழட்டுக் குதிரை. பிரான்சு அரசர் ஒரே நாளில் எங்கள் ஆட்களையெல்லாம் பிடித்துச் சிறையில் போட்டார் என்று சேதி வந்த குளிர்காலத்தில், தலைவர் மற்ற இருவரையும் அழைத்துக்கொண்டு தெற்கே கிளம்பினார். "ஆட்டைப் பாத்துக்க ஃபின்லே, ஈஸ்டருக்குள்ள வந்துருவோம்" என்றார். வரவில்லை. எனக்கு அப்போது முப்பது வயது.

தனியாக இருப்பது பழகிவிடும் என்பார்கள். அது கூட்டத்தில் இருப்பவர்கள் சொல்வது. ஆட்டோடு பேசலாம், சாமி. ஆனால் ஆடு எதிர்த்துப் பேசாது. ஒரு வருடம் யாரும் எதிர்த்துப் பேசாவிட்டால், நாம் பேசியதே நமக்குச் சந்தேகமாகிவிடும்.

அதற்கு மறுவருட வசந்தத்தில் திபோ ஐயா வந்தார். அயர்லாந்திலிருந்து வந்த வணிகப் படகு அவரைக் கடற்கரையில் இறக்கிவிட்டிருந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். சைப்ரசில் குதிரையிலிருந்து விழுந்து ஒரு முழங்கால் மடங்காது. மேலங்கியைச் சுருட்டி ஒரு மாவு மூட்டைக்குள் வைத்திருந்தார். வாசலில் நின்று, "சகோதரா, உள்ள வரலாமா?" என்று கேட்டார். என்னை அப்படிக் கூப்பிட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அவரை நான்தான் தீவில் ஒளித்து வைத்தேன். அதோ, சன்னலுக்கு நேரே தெரிகிறதே, அதுதான். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களைப் புதைத்த இடம் என்பதால் ஊரார் அந்தப் பக்கம் படகு விடமாட்டார்கள். பழைய துறவி ஒருவர் தங்குவதற்குக் கட்டிய கல்குடில் ஒன்று, ஒரு மரக்கதவோடு, இன்னும் நின்றது. ஊராரிடம், வீட்டுக்குள் ஒரு வீரர் இருக்கிறார், மனித முகம் பார்ப்பதில்லை என்று நேர்ந்திருக்கிறார் என்று சொல்லி வைத்தேன். முதல் இரண்டு வருடம் ஆபத்து மெய்யாகவே இருந்தது. ஆங்கிலேயர் கையிலிருந்த தெற்குப் பகுதியில் எங்கள் சபையார் விசாரிக்கப்பட்டது உங்களுக்கே தெரியும்.

தினமும் மதியம் படகில் போவேன். இரண்டு சகோதரர்கள் ஒரு கிண்ணத்தில் உண்ண வேண்டும் என்பது சபை வழக்கம். அவர் வெள்ளை அங்கி, நான் பழுப்பு. ஆனாலும் ஒரே கிண்ணம்தான்.

"ஃபின்லே, இது கஞ்சியா, செவுத்துக்குப் பூசுற காரையாப்பா?"

"காரைதான் ஐயா. உள்ள போனா ரெண்டு நாளைக்கு நிக்கும்."

"நிக்கிறது சரி. எறங்க மாட்டேங்குதே."

இப்படித்தான். பெரிய பேச்சு ஒன்றும் கிடையாது. மூன்று வருடம் அப்படி ஓடியது. எனக்கு அதைவிட வேறு எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு ஒருநாள் ஊசி நூல் விற்கிற சோர்லி வந்தான். தலையிலிருந்து மூட்டையை இறக்கும்போதே சொன்னான். "உங்க சபையைப் போப்பாண்டவரு கலைச்சுட்டாரு, தெரியுமா அண்ணே? ஆனா ஆளுங்கள விட்டுட்டாங்க. வேற மடம் எதுலயாவது போய்ச் சேந்துக்கலாமாம். சாகற வரைக்கும் சோறு துணி உண்டு. இனிமே ஒரு பயலும் தேட மாட்டான்."

அன்று மதியம் அதைச் சொல்லத்தான் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். ஐயா துறையில் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நொண்டிக்கொண்டே வந்து என் கையைப் பிடித்தார்.

"என்னப்பா? மூஞ்சியே சரியில்லையே. கெட்ட சேதியா?"

அவர் பிடி இறுகியது. என்னை யாரும் அப்படிப் பிடித்ததில்லை, சாமி, என் தாய்கூட.

"தெக்க மூணு பேர எரிச்சுட்டாங்களாம் ஐயா" என்றேன்.

அவர் அங்கேயே முழந்தாளிட்டார். மடங்காத காலை நீட்டிக்கொண்டு, என் தோளில் சாய்ந்து அழுதார். நாங்கள் இருவரும் தோளோடு தோள் ஒட்டி, இல்லாத அந்த மூவருக்காக நூறு முறை பரலோக மந்திரம் சொன்னோம். அவர் பெயர் கேட்டார், பெயரும் சொன்னேன். அதன் பிறகு அவர் மனம் தளரும்போதோ, எங்காவது கிளம்பலாமா என்று யோசிக்கும்போதோ, இன்னொருவரை எரிக்க வேண்டி வந்தது. இரண்டு வருடத்தில் பதினொரு பேர். அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. அவர் பத்திரமாக இருந்தார். நாங்கள் சேர்ந்து ஜெபித்தோம்.

பெரும் போர் நடந்த வருடம், புனித யோவான் திருநாளுக்குப் பத்து நாள் முன்பு, அரசரின் படையில் சேரப்போன வெளியூர்க்காரர்கள் சிலர் ஏரி வழியே படகில் வந்தார்கள். காற்று பலமாக அடித்ததால் தீவில் ஒதுங்கினார்கள். அவர்களுக்கு அது என்ன தீவு என்று தெரியாது. இதெல்லாம் மறுநாள் நான் போனபோது அவரே சொன்னதுதான்.

"ஃபின்லே, உக்காரு. நெசத்தச் சொல்லு. யாரும் என்னைத் தேடலையாமே?"

நான் உட்கார்ந்தேன்.

"ரெண்டு வருசமாச்சாமே?"

"ஆமா ஐயா."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் ஏரியைப் பார்த்துச் சிரித்தார். "பதினோரு பேரு! அதுல ஒருத்தன் பேரு பெரெங்கர்னு சொன்னியே, அவனுக்காக நான் ஒரு நாள் பட்டினி கெடந்தேன்டா" என்றார். பிறகு என் தலையில் கை வைத்தார். "தனியா இருக்கிறவன் செய்யிற வேலை இது. போகட்டும், மன்னிச்சுட்டேன்."

அந்தப் படகுக்காரர்கள் அவரை அழைத்தார்களாம். கூட வாருங்கள், வழியில் எந்த மடத்திலாவது இறக்கிவிடுகிறோம் என்றார்களாம். அவர் மறுத்துவிட்டார். "அஞ்சு வருசம் சோறு போட்டவன்கிட்டச் சொல்லாமக் கெளம்பினா நல்லாவா இருக்கும்? அதான் நின்னுட்டேன்."

தெற்கே ஒரு மடத்தில் அவருடைய பழைய தோழர்கள் இருவர் சேர்ந்திருப்பதாகப் படகுக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். அந்தத் தோழர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஒருவர் பாட்டுப் பாடினால் நாய் ஓடுமாம். மற்றவர் சதுரங்கத்தில் ஏமாற்றுவாராம். ஐயாவின் முகம் அப்படி ஒளிர்ந்ததை நான் ஐந்து வருடத்தில் பார்த்ததில்லை. மூட்டையிலிருந்து மேலங்கியை எடுத்துக் கொடுத்து, "இதைத் தொவைச்சுக் கொண்டாப்பா. போற எடத்துல கௌரவமாப் போய் நிக்கணும்ல" என்றார்.

"சரி ஐயா. நாளைக்குப் படகு கொண்டாறேன்."

என்னையும் வருகிறாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்க மறந்திருப்பார். படகைத் தள்ளும்வரை, கேட்பாரா என்று நின்று பார்த்தேன். அவர் கையசைத்தார், அவ்வளவுதான்.

மேலங்கியைத் துவைத்தேன். நன்றாக வெளுத்தது. மூன்றாம் நாள் மூடுபனிக் காலையில் அதைப் போட்டுக்கொண்டு, எங்கள் கிழட்டுச் சாம்பல் குதிரையில் ஏறி, ஊருக்கு மேலே உள்ள மேட்டில் மெதுவாகப் போனேன். ஆடு மேய்த்தவர்கள் பார்த்தார்கள். பெண்கள் வெளியே வந்து மண்டியிட்டார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் குதிரையை அவிழ்த்து விரட்டிவிட்டு, அங்கியைச் சுருட்டிக்கொண்டு சதுப்பு வழியே வீடு வந்து சேர்ந்தேன். வெள்ளை வீரர் போருக்குப் போனது இப்படித்தான். அங்கி திரும்பி வந்ததற்கு வேறொரு கதை சொன்னேன். அதையும் நீங்கள் எழுதியிருப்பீர்கள்.

எங்கள் சபையில் ஒரு சகோதரர் இறந்தால், நாற்பது நாளைக்கு அவர் பங்குச் சாப்பாட்டை ஓர் ஏழைக்குக் கொடுக்க வேண்டும். நான் வழக்கத்தை மீறுகிறவன் அல்ல. அன்றே தொடங்கினேன். கரையோரம் இருந்த மோராக்கின் கணவன் படைக்குப் போயிருந்தான். அவளுக்கு மூன்று பிள்ளைகள். தினமும் ஐயாவின் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் அவளிடம் கொடுப்பேன்.

"என்ன ஃபின்லேண்ணே, பெரியவரு கெளம்பி நாலு நாள்தான் ஆகுது. அதுக்குள்ள காரியமா?"

"போருக்குப் போனவங்க எங்கம்மா திரும்பப் போறாங்க."

"நல்ல வாயி உங்களுக்கு. எங்க வீட்டுக்காரரும் அங்கதான் போயிருக்காரு." சொல்லிவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டாள். பிறகு ஏரியைப் பார்த்தாள். "அண்ணே, தீவுல பொகை வருது பாருங்க."

"கண்ணு தெறக்காமப் போன பிள்ளைங்க இருக்கிற எடம். அந்தப் பக்கம் பாக்காத."

அவள் சிலுவை போட்டுக்கொண்டு பிள்ளைகளை உள்ளே இழுத்துப்போனாள்.

இருபத்தாறு நாள் புகை வந்தது, சாமி. தீவில் ஊற்று உண்டு, தண்ணீருக்குக் குறைவில்லை. மற்றபடி எல்லாம் நான் கொண்டுபோனதுதான். அவருக்கு நீச்சலும் வராது, மீன்பிடிக்கவும் வராது. பன்னிரண்டாம் நாள் கல்குடிலின் மரக்கதவு மட்டும் மிதந்து வந்து கரையில் தட்டியது. அதன் பிறகும் புகை வந்ததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொண்டேன். காற்று இந்தப் பக்கம் அடித்த நாட்களில் குரலும் கேட்டது. என் பெயரைத்தான் கூப்பிட்டார். வேறு யார் பெயரும் இல்லை. நான் சன்னலோரம் உட்கார்ந்து கேட்பேன். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் நான் தனியாக இருப்பதாகவே தோன்றவில்லை.

படகு துறையில்தான் கட்டிக் கிடந்தது. ஒவ்வொரு காலையும், இன்று போகலாம் என்றுதான் எழுந்திருப்பேன். போனால் அவர் கிளம்பிவிடுவார். அவ்வளவுதான் விஷயம்.

நாற்பதாவது நாள் முடிந்த வாரத்தில் படைக்குப் போனவர்கள் திரும்பினார்கள். மோராக்கின் கணவன் வரவில்லை. அவள் தம்பி டூகல் ஒரு காதை இழந்து வந்தான். ஊர்ப்பெண்கள் சூழ்ந்துகொண்டு, எங்கள் வெள்ளை வீரரைப் பார்த்தாயா என்று கேட்டார்கள். அவன் கொஞ்சம் யோசித்தான். "பாத்தேன்" என்றான். "மாமா உசிரு போறப்ப அவருதான் பக்கத்துல நின்னாரு." மோராக் அதைக் கேட்டு அழுகையை நிறுத்தினாள். பாருங்கள், என்னால் அவளுக்குக் கிடைத்த ஆறுதல் அது.

அதற்குப் பிறகு ஆட்கள் வரத்தொடங்கினார்கள். கேட்க, அங்கியைத் தொட, அழ. இந்த இருபத்திரண்டு வருடத்தில் என் வாசலில் ஆள் இல்லாத வாரம் கிடையாது. எல்லோரும் போன பிறகு வீடு வெறிச்சோடிப் போகும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

இலையுதிர்காலத்தில்தான் தீவுக்குப் போனேன். துறைக் கல்லில் வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நல்லடக்கம் செய்தேன், தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன். நான் அவர் மேல் கை வைக்கவில்லை, சாமி. கொலை என்று நீங்கள் எழுதினால் எழுதிக்கொள்ளுங்கள். படகு விடாதவன் என்று எழுதினால் இன்னும் சரியாக இருக்கும். ஆனால் கொன்றது நான்தான் என்பதை மறுக்கவில்லை. ஒரு நாளும் மறுத்ததில்லை, யாரும் கேட்கவில்லை.

இந்தப் பலகைக்கல் அவர் பக்கத்தில் கிடந்தது. கத்தி முனையால் கீறியிருக்கிறார். எனக்குப் படிப்பு இல்லை. படிக்கத் தெரிந்த யாரிடமும் இதுவரை காட்டியதும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரே சொல்தான், மேலிருந்து கீழ்வரை. எழுத்து தெரியாவிட்டாலும் வடிவம் தெரிகிறதே. முப்பத்தொரு தடவை.

ஏன் சாமி முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்? "ஃபின்லே, இது உன் பேரு இல்லப்பா" என்கிறீர்கள். போதும், என்ன சொல் என்று சொல்ல வேண்டாம். பிரெஞ்சுக்காரர் கையெழுத்து, உங்களுக்குப் புரிந்திருக்காது. அது என் பெயர்தான். ஒரு மனிதன் தன் கடைசி நாட்களில் நண்பனின் பெயரைத் தவிர வேறு எதை அத்தனை தடவை எழுதுவான்?