கலப்பில்லாத செம்மறிகள்

ஆட்டுக்கொட்டில் மணம் எனக்கு ஒருநாளும் ஒத்துவாறேல்லை, ஐயா. இருபது வருசமாச் செம்மறிகளின்ரை மரபணு பாக்கிறதுதான் என்ரை தொழில். எண்டாலும் பட்டிக்குள்ள போறதெண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவன். இரத்தத்தை எடுத்துக் குழாய்க்குள்ள விட்டாப் பிறகுதான் அது எனக்குத் துப்புரவான சாமான்.

ஆறுதலாச் சொல்லுறன், வாக்குமூலத்தில எழுதுங்கோ. அந்த இரத்தத்தில இருக்கிற மரபணுவை வைச்சுக் கணினியில ஒரு கணித மாதிரி கட்டினால், இந்த ஆடுகளின்ரை மூதாதையள் எப்ப வந்ததுகள், எத்தினை தப்பினதுகள், பிற இனத்தோடை எப்ப கலந்ததுகள் எண்டு பின்னுக்குப் போய்க் கணிக்கலாம். எங்கடை குடாநாட்டுச் செம்மறி நானூறு வருசமாக் கலப்பில்லாத ஒரே கிளை எண்டு நான் எழுதினனான். வெளிநாட்டுச் சஞ்சிகையில வந்தது. எனக்குப் பேர் வாங்கித் தந்ததே அந்த ஒரு கட்டுரைதான்.

பிறகுதான் அச்சுவேலியில ஆடு வளக்கிற மரியரட்ணத்தின்ரை பட்டிக்குப் போனன். பதினெட்டு ஆடு. பத்துத் தலைமுறைக்கு முந்திக் கலப்பு நடந்திருக்கு எண்டு கணினி காட்டினது. ஆட்டுக்குப் பத்துத் தலைமுறை எண்டால் ஒரு முப்பது வருசம். அவனைக் கேட்டன்.

"ஓம் சேர், தொண்ணூற்றஞ்சில இடம்பெயர்ந்து வன்னிக்குப் போய்த் திரும்பேக்க அப்பா ஒரு கிடாய் கொண்டுவந்தவர். நல்ல கிடாய்" எண்டான்.

கணக்கு அவ்வளவு சரி. அப்ப என்ரை கட்டுரை பிழை. கண்ட கண்ட கிடாயையும் பட்டிக்குள்ள விட்டுப்போட்டு, அதைச் சொல்லச் சிரிப்பு வேறை. அவன்ரை மனுசி றெஜி தந்த தேத்தண்ணியை வாழையடியில ஊத்திப்போட்டு வந்தன். அந்தப் பட்டியின்ரை முடிவை ஒருத்தருக்கும் காட்டேல்லை.

ஆனால் என்ரை கட்டுரையைச் சரிபாக்கிற வெளிநாட்டு ஆக்கள் அடுத்த கிழமை அதே பட்டியில தாங்களே இரத்தம் எடுக்க வாறதெண்டு கடிதம் போட்டினம். நான் ஒரு மூடை புண்ணாக்கு வாங்கினன். தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சி மருந்தை அதில கலந்து, ஆராய்ச்சிக்கு உதவினதுக்கு அன்பளிப்பு எண்டு குடுத்தன். மரியரட்ணம் இரண்டு கையாலையும் வாங்கினான்.

அடுத்த நாள் காலமை போய்ப் பாத்தன். ஒரு கிடாய்தான் விழுந்திருந்தது, மற்றதுகள் நிண்டதுகள். மரியரட்ணம் வயிறூதல் எண்டு நினைச்சு, உயிர் போகமுந்தி அதை வெட்டி, அயலட்டைக்குப் பங்கு போட்டுக்கொண்டிருந்தான். வாழையிலையில ஏழு பங்கு. றெஜி எனக்கும் ஒண்டை நீட்டினாள்.

"புரட்டாதிச் சனி, நான் விரதம்" எண்டன்.

அது பொய்யில்லை. சாப்பிடாதேங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏனெண்டு கேப்பினம். ஈரலைச் சுட்டுத் தங்கடை மகள் தர்சினிக்குக் குடுத்தினம். ஆறு வயசுப் பிள்ளை, விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டுது. பாக்கவே எனக்கு அருவருப்பா இருந்தது.

மத்தியானத்துக்குள்ள பதினேழு ஆடும் செத்துப்போச்சுது. பங்கு வாங்கின வீடுகளில எல்லாரும் சத்தி எடுத்துத் தப்பியிட்டினம். பிள்ளைதான் கண் திறக்கேல்லை. ஆர் என்ன கதைக்கினம் எண்டு அறிய நானும் ஆசுப்பத்திரிக்குப் போனன். என்ன நஞ்செண்டு தெரிஞ்சால் மாற்று மருந்து குடுக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவர். மரியரட்ணம் ஓடிவந்து என்ரை கையைப் பிடிச்சான்.

"சேர், நீங்கள் படிச்சனீங்கள். என்னவா இருக்கும் எண்டு சொல்லுங்கோ சேர். என்ரை பிள்ளை போகப்போகுது."

மருந்தின்ரை பேர் என்ரை நாக்கில நிண்டது. "தெரியேல்லை, பாப்பம்" எண்டன். மூண்டு மணித்தியாலம் அவனுக்குப் பக்கத்திலதான் இருந்தன்.

பிள்ளையை ஏன் சாகடிச்சனீர் எண்டு கேக்கிறியள். அந்தப் பிள்ளையோடை எனக்கென்ன கோவம், ஐயா. ஆடுகளைச் சாகடிச்சது நான்தான், அதை எழுதுங்கோ. பிள்ளைக்கு நான் ஒண்டும் குடுக்கேல்லை. பேசாமல் இருந்தன், அவ்வளவுதான்.

வீட்டை போய், அவன் பிடிச்ச கையைச் சவுக்காரம் போட்டு மூண்டு தரம் கழுவினன். அப்பிடிக் கண்டவனும் என்னைத் தொடுறது எனக்குப் பிடிக்காது.