அசையாமல் இருந்தால் விட்டுவிடும்

நாய்க்குப் பொம்மை வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள், சார். வீட்டு சோபாவுக்குப் பொருந்துமா என்று கேட்ட அம்மாகூட உண்டு. பதினோரு வருடமாகச் செல்லப்பிராணிக் கடையில் நிற்கிறேன். நிற்கிறேன் என்பது ஒரு மரியாதைக்கு. நான் ஓரிடத்தில் நின்றதே கிடையாது. இப்போதும் உட்காரச் சொல்லாதீர்கள். நடந்துகொண்டே பேசினால்தான் எனக்குக் கோர்வையாக வரும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

என் நாயின் பெயர் வக்கீல். கவ்வியதை விடாது என்பதால் வைத்த பெயர். வியாழக்கிழமை அது என் அண்ணன் மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை இழுத்தது, அண்ணன் இறந்துபோனார், விபத்து என்று எழுதி நீங்களே மூடிவிட்டீர்கள். நாளைக் காலை பத்து மணிக்கு வக்கீலைக் கொல்ல ஊசி. அதனால்தான் வந்தேன். அது நிரபராதி. ஊரில் எல்லாருக்கும் வக்கீல் வாதாடுவார். என் வக்கீலுக்கு நான்தான் வாதாட வேண்டியிருக்கிறது.

எல்லாம் லீஷை, அதாவது நாயைப் பிடித்து நடத்துகிற வாரை, கடிப்பதில் ஆரம்பித்தது. தெருவில் இறங்கியதும் லீஷைக் கவ்விக்கொண்டு தலையை உதறும். மூன்று மாதத்தில் நான்கு லீஷ். கடையில் ஊருக்கே வகுப்பெடுக்கிறேன், என் பருப்பு என் வீட்டில் வேகவில்லை.

அண்ணன் வீட்டில்தான் நானும் வக்கீலும் இருக்கிறோம். அண்ணனுக்குப் பக்கவாதம், கூடவே நுரையீரலும் பழுது. இடது கை வராது. வலது கை மார்புக்கு மேல் எழாது. வாய் மட்டும் பூரண ஆரோக்கியம். அண்ணி காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார். மதியம் நர்ஸம்மா வரும்வரை நான்தான் காவல். ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது அண்ணன் சொன்னார்:

"மாசக் கடைசியில நாயைக் கொண்டுபோக ஆள் சொல்லியாச்சு."

"எங்கண்ணே?"

"எங்கேயோ. நீ வேணும்னா கூடவே போயேன். உனக்கும் ஒரு கூண்டு இருக்கான்னு கேட்டுப் பாக்கறேன்."

சிரித்தேன். நல்ல நகைச்சுவைக்குச் சிரிக்காமலிருக்க எனக்குத் தெரியாது.

"முதல்ல காலை ஆட்டாதே. அசையாம இருடா, கட்டிலே ஆடுது" என்றார். எனக்கு நாற்பத்து நான்கு வயது, சார்.

லீஷ் கடிக்கிற நாயைத் திருத்துவது பெரிய வித்தை இல்லை. திட்டக்கூடாது, பிடுங்கவும் கூடாது. பிடுங்கினால் அதுவே விளையாட்டாகிவிடும். கவ்வியதும் லீஷைத் தளரவிட்டு, இழுத்து விளையாடுகிற பொம்மை ஒன்றை ஆட்டிக் காட்ட வேண்டும். சில நாளில், லீஷ் பல்லில் பட்டதுமே நாய் தானாகப் பொம்மையைத் தேடும். பொம்மை பல்லுக்கு மெத்தென்று இருக்க வேண்டும், கையைக் கடிக்காத அளவுக்கு நீளம் வேண்டும். முக்கியமாக, வீட்டில் கடிக்கக்கூடாத எந்தப் பொருளின் சாயலும் அதில் இருக்கக்கூடாது. கயிற்று லீஷ் வைத்திருப்பவர்கள் போய்க் கயிற்றுப் பொம்மையையே எடுப்பார்கள். நாய்க்கு என்ன தெரியும், இரண்டும் ஒன்றுதான். இந்தத் தப்பை நான் ஒரு வாடிக்கையாளரையும் செய்யவிட்டதில்லை.

வக்கீலுக்கு என் கையாலேயே பொம்மை செய்தேன். அண்ணனின் குழாயை அவ்வப்போது மாற்றுவோம், பழையது குப்பைக்குப் போகும். அதில் மூன்று துண்டெடுத்துச் சடை பின்னினேன்.

"கடை நிறையப் பொம்மையை வெச்சுக்கிட்டு குப்பையில பொறுக்கறீங்களே தம்பி" என்று அண்ணி சிரித்தார்.

முதல் வாரம் மூன்று புரி. அடுத்த வாரம் இரண்டு. அதற்கப்புறம் ஒற்றைக் குழாய்.

கவ்வக் கற்றுக்கொடுத்தால் விடவும் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு 'விடு' என்ற சொல். அதை என் குரலுக்கு மட்டும் பழக்கினேன். இன்னொரு வழி, பொம்மையைச் சாகவிடுவது. எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். இழுபடுகிற பொம்மையை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டால் அதற்கு உயிர் போய்விடும். நாய்க்கு அலுத்துவிடும், வாயைத் திறந்துவிடும்.

புதன்கிழமை பொம்மையைக் கடைக்கு எடுத்துப் போய் வைத்துவிட்டேன். வியாழன் காலை, அண்ணி கிளம்பியதும் வக்கீலுக்கு லீஷ் மாட்டி, அண்ணன் அறை வாசலில் நிறுத்தினேன். லீஷைக் கவ்வியது. என் கையைப் பார்த்தது. கை காலி. சுற்றுமுற்றும் தேடியது. கெட்டிக்கார நாய், சார். நான் லீஷைத் தளரவிட்டேன்.

குழாய் மூக்கைவிட்டு வந்து, காதில் மாட்டிக்கொண்டு நின்றது. அண்ணன் தலையை உதறினார். அவர் உதற உதற வக்கீலுக்கு உற்சாகம்.

"விடு... விடு..." என்றார் அதனிடம். என் குரல் இல்லையே.

"கூப்பிடுடா அதை."

"அசையாம இருங்கண்ணே, விட்டுடும்" என்றேன். வாடிக்கையாளர்களிடம் பேசுகிற அதே குரலில். தொழில்படி அது சரியான யோசனைதான். நாற்பது வருடமாக அவர் எனக்குச் சொன்னதை நான் அவருக்கு ஒரே ஒரு தடவை சொன்னேன்.

எட்டு நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எட்டு நிமிடமும் வாசலில் காலை ஆட்டாமல் நின்றேன். பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. அப்புறம் அண்ணனும் அசையவில்லை. வக்கீல் குழாயை விட்டுவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தது. பிஸ்கட் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் பழக்கம் கெட்டுவிடும்.

ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். தெரிந்துதான் சொல்லவில்லை. அந்தக் குழாய்ப் பொம்மை கடையில் என் அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். திட்டம் போட்டது, பழக்கியது, கொன்றது எல்லாம் நான். அந்த இடத்தில் நாய் என்ற சொல்லே வராமல் எழுதுங்கள். எங்கே கையெழுத்துப் போடணும்?

முதலில் ஊசி போடுகிற டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள், சார். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. ஒரு உயிர் கண்ணெதிரே போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற மனசு எனக்குக் கிடையாது.