துண்டு மூடிய வாளிகளை வரவேற்ற எங்கள் பெட்டி அண்ணனுக்கு

சுழல மறுத்த சக்கரங்களைச் சுழல வைத்தவரே! சிதறி வந்த பாகங்களைச் சேர்த்து வைத்தவரே! பழுதான பெட்டியையும் பதறிய மனத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பழுது பார்த்த பண்பாளரே! எங்கள் படகுப் பணிமனையின் கியர்பாக்ஸ் பிரிவை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முன்னின்று நடத்தி, இன்று மாலை ஓய்வு பெற்றுச் செல்லும், ஊரே ‘பெட்டி அண்ணன்’ என்றழைக்கும் எங்கள் மூத்தவரே! வணக்கம்.

மடல் என்றால் புகழ வேண்டும். புகழ்ந்தால் உங்களுக்குக் காது சிவக்கும். சிவக்கட்டும்! ஸ்பேனரைத் தேடுகிற சாக்கில் எழுந்து போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இருக்கிற ஸ்பேனர்களையெல்லாம் ஒளித்து வைத்துவிட்டுத்தான் உங்களை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறோம். பக்கத்தில் அண்ணியும் காவலுக்கு இருக்கிறார்.

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பது படகு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். கியர்பாக்ஸ் மூடியைக் கண்டால் மட்டும் அது மறந்துவிடும். நாலு போல்ட்தானே என்று வீட்டிலேயே கழற்றுவார்கள். உள்ளிருந்து என்னென்னவோ கொட்டும். திரும்ப மாட்டத் தெரியாமல், எல்லாவற்றையும் ஒரு வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டு நம் வாசலில் வந்து நிற்பார்கள். வாளியின்மேல் துண்டு போட்டு மூடியிருந்தால், கழற்றியவர் வந்தவரேதான் என்று பொருள். துண்டு மூடிய வாளியைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் நீங்கள்தான்.

“யார் கழட்டினாங்கன்னு கேட்காதீங்கப்பா. கேட்டா, பாவம், அவர் பொய் சொல்லணும். பொய்யை வெச்சுக்கிட்டு எந்தப் பெட்டியையும் சரிபண்ண முடியாது. என்ன நடந்துச்சுன்னு மட்டும் கேளுங்க” என்றீர்கள். அன்றிலிருந்து அதுவே இந்தப் பிரிவின் சட்டம்.

ரொட்டிக்கடைக்காரர் வந்த நாள் நினைவிருக்கிறதா? “எண்ணெயை மாத்திக்கிட்டே இருக்கேன், மறுபடி மறுபடி பால் மாதிரியே ஆயிடுது” என்று அழாத குறையாகச் சொன்னார். “பெட்டிக்குள்ள மாடு கட்டியிருக்கீங்களா?” என்று கேட்டு முதலில் அவரைச் சிரிக்க வைத்தீர்கள். பிறகு, எண்ணெயைக் குளிர்விக்கும் குழாயில் விழுந்திருந்த ஓட்டையைக் காட்டினீர்கள். “தண்ணி வர்ற வழியை அடைக்காம எண்ணெயை மட்டும் மாத்தினா எப்படிங்க?” என்று சொல்லி, குழாயை மாற்றி, புது எண்ணெய் ஊற்றி ஓட்டி வடித்து, மறுபடி ஊற்றி வடித்து, தெளிந்த நிறம் வரும்வரை அவரையே செய்ய வைத்தீர்கள்.

கியர் கேபிளை முன்பின் மாற்றி மாட்டிய தையல்காரரை யாரால் மறக்க முடியும்! முன்னே போக வேண்டிய படகு, படித்துறையில் நின்று கையசைத்து வழியனுப்பிய மனைவியை நோக்கியே பின்பக்கமாகப் பாய்ந்தது. “என்னை விட்டுப் போக மனசில்லைன்னு நெனச்சேன்” என்று அந்த அம்மா இங்கே வந்து சொன்னபோது, நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். ஆனாலும் பாடம் சொல்லாமல் விடவில்லை. “கயிறை அவிழ்க்கறதுக்கு முன்னாடியே மெதுவா கியர் போட்டுப் பாருங்க. எந்தப் பக்கம் போகப் போகுதுன்னு கயிறே சொல்லிடும்.”

கரையில் நிறுத்தி வைத்து, மயிரிழை பிசகாமல் இன்ஜினையும் விசிறித் தண்டையும் ஒரே கோட்டில் நேர்பார்த்த முடிதிருத்துபவரும் உண்டு. தண்ணீரில் இறக்கியதும் படகு பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கியது. “தரையில நிக்கிற படகு வேற, மிதக்கிற படகு வேறங்க. தண்ணில ஒரு ராத்திரி கிடக்கட்டும், அப்புறம் பாருங்க. நீங்க அளந்தது தப்பில்ல, அளந்த இடம்தான் தப்பு” என்றீர்கள். ஒரு மனிதரின் தவற்றை அவர் தலைகுனியாதபடி எடுத்துச் சொல்லும் வித்தையை நாங்கள் அங்கேதான் கற்றோம்.

கோபமே வராத குணக்குன்று என்று எழுதினால் இந்த மடலுக்குச் சட்டமிட்ட கண்ணாடியே வெடித்துவிடும். வரும், நன்றாகவே வரும்! கழற்றிய பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே பரப்பி வைப்பீர்கள். அந்த வரிசையை யாராவது கலைத்தால் தொலைந்தார்கள். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டீர்கள். தூசி தட்டுகிறேன் என்று ஒரு வாஷரை நகர்த்தியவர்கூட உங்கள் மௌனத்துக்குத் தப்பியதில்லை.

ஊரார் படகெல்லாம் ஓடிக்கொண்டிருக்க, உங்கள் படகு மட்டும் வீட்டுப் பின்புறம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. முழங்கால் வலியால் பேருந்துப் படி ஏற முடியாத அண்ணி, அக்கரையில் இருக்கும் தங்கையைப் பார்த்து வெகுகாலம் ஆகிறது. “படகைச் சரிபண்ணி நானே கூட்டிட்டுப் போறேன்” என்று நீங்கள் கொடுத்த வாக்கு, அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனது. காரணம் எங்கள் வாளிகள்தான். கடைசியில், ஓய்வு பெற்ற மறுநாள் காலை என்று உறுதியாகச் சொல்லிவிட்டீர்கள். அக்கரையிலும் செய்தி போய்விட்டது.

அப்படியிருக்க, போன வாரம் ஒருநாள், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, நீங்கள் நம் வாசலில் வந்து நின்றீர்கள். கையில் வாளி. வாளியின்மேல் துண்டு.

கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். “ஷிம்மெல்லாம் கலைஞ்சு போச்சு. நான்தான் கலைச்சுட்டேன்” என்றீர்கள். ஷிம் என்பது பேரிங்குகளின் இருபுறமும் இடைவெளி நிரப்பும் மெல்லிய வளையம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். இடம் மாறினால் பெட்டி இறுகிச் சூடேறும், இல்லாவிட்டால் தளர்ந்து ஆடும். கலைந்துவிட்டால் யானைக்கும் அடி சறுக்கும் இடம் அது. நாங்கள் சட்டப்படி நடந்தோம். அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தேநீர் கொடுத்து, ஜன்னலோர மேசையைத் துடைத்து வைத்தோம்.

சற்று நேரத்தில் அண்ணி சுவரைப் பிடித்துப் பிடித்து, மூச்சிரைக்க வந்தார்.

“அவரு ஒண்ணும் பண்ணலப்பா. சாப்பாட்டு மேசை மேல பரப்பி வெச்சிருந்தாரு. நாந்தான், உதவியா இருக்கட்டுமேன்னு, எல்லாத்தையும் துடைச்சு, பெருசு ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம்னு அடுக்கி வெச்சேன். ஒரு வார்த்தை திட்டாம வாளியில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாரு.”

நீங்கள் தலை நிமிராமலே சொன்னீர்கள். “அழகாத்தான் அடுக்கியிருந்தா. ரொம்ப நாள் அழுக்குகூடப் போயிடுச்சு.”

அண்ணா! ஒரு வாஷருக்காக எங்களிடம் மூன்று நாள் பேசாமல் இருந்தவரா இப்படிச் சொன்னார்! அன்று எங்களில் பலர் எதையோ எடுக்கப் போவதுபோல் கிடங்குக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தோம்.

உங்கள் வழக்கப்படி உங்களையே மாட்டச் சொன்னோம். அளவுக்கருவியை நாங்கள் பிடிக்க, ஒவ்வொரு ஷிம்மாக அளந்து, பொருத்தி, கையால் சுழற்றிப் பார்த்து, இறுகினால் கழற்றி மறுபடி பொருத்தினீர்கள். கேட்ட ஷிம்மைக் கேட்டபடி துடைத்து எடுத்துக் கொடுத்தவர் அண்ணி. ஒன்றுகூட வரிசை மாறவில்லை. நேற்று படகைத் தண்ணீரில் இறக்கி, இரவு முழுதும் மிதக்க விட்டு, இன்று காலை நேர்பார்த்தோம். எண்ணெய் தெளிவாக இருக்கிறது. கயிறு கட்டியபடியே கியர் போட்டோம். போக வேண்டிய பக்கமே இழுத்தது. நாளை நீங்கள் அவிழ்க்க வேண்டியது கயிற்றை மட்டும்தான்.

நோயில்லா உடலும், நொறுங்காத உள்ளமும், அண்ணியின் கைத்துணையும் அமைந்து, நீர் நிறைந்த துறைபோல் நீங்கள் இருவரும் நெடுங்காலம் வாழ வேண்டும்!

நினைவுப் பரிசாக உங்கள் வாளியையே கழுவி, துண்டைத் துவைத்து மடித்து அதன்மேல் வைத்திருக்கிறோம். எங்களைப் பார்க்க வேண்டும்போல் உங்களுக்கு ஒருநாள் தோன்றும். வேலையில்லாமல் சும்மா எப்படி வருவது என்று கூச்சப்படுவீர்கள், எங்களுக்குத் தெரியும். வெறும் வாளிமேல் அந்தத் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு வாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டோம்.

என்றும் உங்கள் அன்பில்,
ஜன்னலோர மேசையைத் துடைத்து வைத்துக் காத்திருக்கும்
கியர்பாக்ஸ் பிரிவினரும் பணிமனைத் தோழர்கள் அனைவரும்