ஆறாவது சட்டை

மணி நாலு பத்து. விடிய இன்னும் நேரம் கிடக்கிறது. ஆத்தூர் விலக்கில் திரும்பி புன்னைக்காயல் போகிற சாலை... இரண்டு பக்கமும் உப்பளம். விளக்கு கிடையாது, வீடு கிடையாது. ஒரே ஒரு கார். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு ஓட்டிக்கொண்டு போகிறார் ஜெயராம்.

யார் இந்த ஜெயராம் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். கரண்ட் வருகிற மாதிரித் தெரியவில்லை. அந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துங்கள். பாபநாசத்தில் ஆற்றுக்குள் கிடக்கிற பழைய துணிகளை ஒரு கூட்டம் அள்ளிச் சுத்தம் செய்கிறதல்லவா? அதை நடத்துவது காமாக்ஷி டீச்சர். அள்ளுகிற துணியெல்லாம் என் லோடு ஆட்டோவில்தான் ஏறும். டீச்சரின் கூடப்பிறந்த அண்ணன் ஜெயராம். பாளையங்கோட்டையில் வங்கி வேலை.

நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். பேய் என்று எவனாவது வாயைத் திறந்தால் நக்கலடித்தே விரட்டிவிடுவேன். இந்த எலியேசரைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? ஆனால் இதை என்னிடம் சொன்னது என் தங்கச்சி மாப்பிள்ளை ஹெப்ரான். அவனுக்குப் பொய் சொல்லவே வராது. வந்திருந்தால் நாலு காசு பார்த்திருப்பான்.

ஹெப்ரானுக்கு புன்னைக்காயல் கடற்கரையில் ஆமை முட்டை காக்கிற வேலை. பங்குனி ஆமை இருக்கிறதே, அது ராத்திரியில் கரையேறி மணலைத் தோண்டி முட்டையிடும். இவன் விடிவதற்குள் முட்டைகளை எடுத்து வேலி போட்ட இடத்தில் புதைத்துக் காவல் காப்பான். அந்த வருஷம் முட்டையை விட செத்த ஆமைகளைத்தான் அதிகம் பார்த்தானாம். மார்கழியில் வந்த பெருவெள்ளம் நினைவிருக்கிறதா? பாபநாசத்திலிருந்து ஆற்றில் கிடந்த அத்தனையையும் வழித்துக்கொண்டு போய்க் கடலில் கொட்டிவிட்டது. பாலித்தீன், சேலை, பாய், செருப்பு... மாசி பிறந்தும் அலை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தது. பாதிக் கரையைக் கடல் தின்றுவிட்டது. மிச்ச மணல் சூடு தாங்காமல் முட்டை உள்ளேயே வெந்துவிடுகிறது என்பான்.

அந்த ராத்திரி மூன்று மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு நடந்திருக்கிறான். தண்ணீர் ஓரத்தில்... ஒரு ஆள் குப்புறக் கிடக்கிறான். நீலக் கோடு போட்ட சட்டை. கையை ஊன்றி ஊன்றி மேலே வரப் பார்க்கிறான்.

குடித்துவிட்டு விழுந்துகிடக்கிறான் என்று ஹெப்ரான் ஓடியிருக்கிறான். கிட்டே போனால் ஆள் இல்லை. ஆமை. சட்டைக் காலருக்குள் கழுத்து நுழைந்திருக்கிறது. ஒரு கை வழியாக ஒரு துடுப்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சட்டையோடு ஒரு பாலித்தீன் பையின் கிழிசல் சிக்கிக் கிடந்தது. சொறி மீன், அதுதான் ஜெல்லி மீன், என்று நினைத்து அந்தப் பையைக் கவ்வப் போயிருக்கும். பாவம், அதற்கு என்ன தெரியும். சட்டைப் பையில் ஏதோ பளபளத்தது. லேமினேட் செய்த சின்னச் சீட்டு, நூல் போட்டுத் தைத்திருந்தது. "இவரைக் கண்டால் இந்த எண்ணுக்கு அழைக்கவும்." கீழே ஒரு செல் நம்பர்.

ஹெப்ரான் அழைத்துவிட்டான். யாரோ கடலில் போய்விட்டார்கள், சட்டை மட்டும் வந்திருக்கிறது என்று நினைத்தானாம்.

"சார், தப்பா நெனைக்காதீய. இங்கன புன்னைக்காயல்ல ஒண்ணு கரைக்கு வந்திருக்கு. சட்டை போட்டிருக்கு. பையில உங்க நம்பர் இருக்கு."

அந்தப் பக்கம் எடுத்தது ஜெயராம். உடனே கேட்டாராம்.

"மூச்சு இருக்கா?"

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று புரிய வேண்டுமென்றால், அவர் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியவருக்கு மறதி நோய். ஏழு வருஷம். கதவு திறந்திருந்தால் போதும், இறங்கி நடந்துவிடுவார். அதனால்தான் ஜெயராம் ஆறு சட்டைகளுக்கும் அந்தச் சீட்டைத் தைத்து வைத்தார். ஜங்ஷனிலிருந்து அழைப்பார்கள், கொக்கிரகுளத்திலிருந்து அழைப்பார்கள். ஒரு தடவை அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்தார்கள். ஜெயராம் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார். ஏழு வருஷமும் ஓடினார். கடைசியில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெரியவருக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது. ஒரு மூச்சு... அப்புறம் நிற்கும். ஜெயராம் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவார். பத்து, பன்னிரண்டு, பதினைந்து... அடுத்த மூச்சு வரும். அன்று விடியற்காலை இருபத்திரண்டு வரை எண்ணினார். அதற்கு மேல் வரவில்லை.

காரியம் முடிந்து பாபநாசம் போனார்கள். இறந்தவர் துணியை ஆற்றில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும், அதுதான் வழக்கம். ஆனால் அங்கே துறட்டியோடு நின்று மிதக்கிற துணியை இழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்களே... அப்பாவின் சட்டையை நாளைக்கு வேறு யாரோ போட்டுக்கொண்டு எதிரே வந்தால் தாங்க மாட்டேன் என்று காமாக்ஷி டீச்சர் அழுதார்களாம். ஆறு சட்டைகளையும் தனித்தனியாக மடித்து, தனித்தனிப் பாலித்தீன் பையில் போட்டு, உள்ளே ஒரு கூழாங்கல், மேலே இரட்டை முடிச்சு. ஆழமான இடமாகப் பார்த்து ஜெயராம் எறிந்தார். சீட்டைப் பிரிக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பாசம்தான், வேறென்ன. சும்மா விட்டிருந்தால் துறட்டிக்காரன் அன்றைக்கே எடுத்திருப்பான். ஒரு ஆமையும் செத்திருக்காது.

சரி, சாலைக்கு வருவோம். நாலு பத்து.

காருக்குள் முதலில் வாடை வந்திருக்கிறது. அழுகின கடல் வாடை... அதற்குள்ளே இருமல் மருந்து வாடை. அவர் அப்பாவின் அறையில் அடிக்கிற அதே வாடை. கண்ணாடியை இறக்கினார், போகவில்லை. அப்புறம் வெளிச்சத்தில், முன்னால், ஒரு முதுகு தெரிந்தது. நீலக் கோடு போட்ட சட்டை. சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. பைய, பைய நடந்து போகிறது... பிரேக் அடித்து இறங்கினார். யாரும் இல்லை. தார் ரோட்டில் ஈரம் மட்டும். ஒரு ஆள் கால் தடம் இல்லை அது. ஏதோ கனமான ஒன்றை இழுத்துக்கொண்டு போன மாதிரி அகலமான தடம். இரண்டு பக்கமும் துடுப்பு பதிந்த ஈரம்.

தடம் கடல் பக்கம் போகவில்லை. கடல் பக்கமிருந்து வந்து, அவர் காரைத் தாண்டி, ஊர்ப் பக்கம் போயிருந்தது.

அவர் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆமைக்கு உயிர் இருந்தது. ஹெப்ரான் கத்தியை எடுத்தான். ஜெயராமே வாங்கி அந்தச் சட்டையை அறுத்தார். காலர் கழுத்துச் சதைக்குள் புதைந்திருந்தது. அறுத்து எடுத்த பிறகு இருவருமாகத் தூக்கித் தண்ணீரில் விட்டார்கள். திரும்பிக் கரைக்கு வந்தது. மறுபடி விட்டார்கள். மறுபடி வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது மேற்கே, ஆறு இருக்கிற பக்கமாகத் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு படுத்துவிட்டது.

ஆமை மூச்சு விட்டுக் கேட்டிருக்கிறீர்களா? மனுஷன் பெருமூச்சு விடுகிற மாதிரியே இருக்கும். ஒன்று விட்டது... நின்றது. ஜெயராம் மணலில் மண்டி போட்டு உட்கார்ந்து வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார். ஹெப்ரானுக்கு அது ஏன் என்று அப்போது தெரியாது. பத்து. பதினைந்து. இருபது. இருபத்திரண்டு... அதோடு சரி. அவர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார் என்றான்.

குழி தோண்டினார்கள். ஆமையை இறக்கினார்கள், சட்டையையும் போட்டார்கள். மண் தள்ளப் போகிற நேரம் ஜெயராமின் செல் அடித்தது. தெரியாத நம்பர். ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், இங்க ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுல ஒரு பெரியவரு உக்காந்திருக்காரு. உடம்பெல்லாம் நனைஞ்சிருக்கு. பேரு கேட்டா சொல்லத் தெரியல. சட்டைப் பையில உங்க நம்பர் இருக்கு. வந்து கூட்டிட்டுப் போறியளா?"

செல்லில், அந்தக் குரலுக்குப் பின்னால், ஒரு மூச்சு கேட்டது. விட்டு விட்டு.

ஏழு வருஷம் ஓடின மனுஷன். அந்த நிமிஷம் அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன். அவர் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ராங் நம்பர்."

செல்லை அணைக்கக்கூட இல்லை. அப்படியே குழிக்குள், ஆமை ஓட்டின் மேல் வைத்தார். ஹெப்ரானைப் பார்த்து, "மூடுப்பா, இனிமே என்னால ஓட முடியாது" என்றார். மூடினார்கள். மண்ணுக்கு அடியிலிருந்து இன்னும் இரண்டு தடவை மணி அடித்ததாம்.

விஷயம் தெரிந்து காமாக்ஷி டீச்சர் அன்றைக்கே ஸ்ரீவைகுண்டம் ஓடினார்கள். அணைக்கட்டில் யாரும் இல்லை. ஓரத்தில் ஒரு பாலித்தீன் பை ஒதுங்கிக் கிடந்தது. உள்ளே அப்பா சட்டை, சீட்டு உள்பக்கம் இருக்கிற மாதிரி அவர்கள் மடித்த மடிப்பு கலையாமல். அவர்கள் போட்ட இரட்டை முடிச்சு அவிழவே இல்லை. அப்படியானால் அந்த நம்பரை யார் படித்தது? கேட்டுப் பார்த்தார்கள், அங்கே ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் ஆற்றைச் சுத்தம் செய்கிற கூட்டமே ஆரம்பமானது. பத்திரிகையில் போட்டோ வந்தது, பொன்னாடை போர்த்தினார்கள். டீச்சர் ஒவ்வொரு சட்டைப் பையையும் தடவிப் பார்த்துத்தான் வண்டியில் ஏற்ற விடுவார்கள். நாங்கள்கூடக் கிண்டல் செய்வோம், டீச்சருக்குப் புதையல் கிடைக்கப் போகிறது என்று. சேரன்மகாதேவியில் ஒன்று, முக்கூடலில் ஒன்று, அம்பாசமுத்திரத்தில் ஒன்று என்று எடுத்தார்கள். ஆமையோடு போனதையும் ஸ்ரீவைகுண்டத்தில் கிடைத்ததையும் சேர்த்தால் ஐந்து. அண்ணன் கைவிட்ட அப்பாவைத் தங்கச்சி தேடிக்கொண்டிருந்தார்கள்... ஆறாவது மட்டும் அகப்படவில்லை.

இந்தக் கதையை இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறேன். போன ஆடி அமாவாசைக்கு மறுநாள், பாபநாசத்தில். அமாவாசைக்குக் குவிந்த துணி ஒரு நாளில் தீரவில்லை. காமாக்ஷி டீச்சர் காய்ச்சல் என்று மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் ஐந்தாறு பேர் படித்துறைக்கு மேலே மண்டபத்தில் படுத்துக்கொண்டோம். கணேஷ்ராம் என்று ஒரு பையன், மருந்துக்கடைக்காரன், அன்றைக்குத்தான் புதிதாக வந்திருந்தான். தூக்கம் வராமல் நான் இதை ஆரம்பித்தேன். இப்போது உங்களிடம் சொன்ன மாதிரியே சொல்லி முடித்தேன்.

கணேஷ்ராம் எழுந்து உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி... சாயங்காலம் பாலத்தூணுக்கு அடியில ஒரு பாலித்தீன் பை கிடந்துச்சு. அவுத்துப் பார்த்தேன். சட்டை. பையில ஒரு சீட்டு தைச்சிருந்துச்சு."

சட்டை எங்கே என்றேன். உங்கள் வண்டியில்தான் போட்டேன் என்றான். சரி, போட்டதோடு விட்டாயா என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். யாரோ வயசானவர் ஆற்றோடு போய்விட்டார் போல, வீட்டில் தேடிக்கொண்டிருப்பார்களே என்று அந்த நம்பருக்கு அழைத்தானாம். குழிக்குள் புதைத்து ஒன்றரை வருஷம் ஆன செல். அழைப்பு போயிருக்கிறது. எடுக்கவும் செய்திருக்கிறார்கள்.

"யாரும் பேசல அண்ணாச்சி. அலைச் சத்தம் கேட்டுச்சு. நான்தான் சொன்னேன்... பாபநாசத்துல படித்துறை மண்டபத்துல இருக்கோம், ராத்திரி இங்கனதான் இருப்போம், வந்துருங்கன்னு."

அப்போதுதான் அந்த வாடை வந்தது. கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கிறது... அங்கே, மலையடிவாரத்தில், அழுகின கடல் வாடை. இருமல் மருந்து வாடை. கீழே, படித்துறையில், தண்ணீரை ஒட்டி ஏதோ கனமாகப் படியில் உரசியது.

பிறகு ஒரு மூச்சு. நீளமாக. நின்றது.

யாரும் எண்ணச் சொல்லவில்லை. ஆனால் எல்லார் உதடும் அசைவதை நான் பார்த்தேன். பத்து. பதினைந்து. கணேஷ்ராம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு... அதோடு முடிந்துவிடும் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

இருபத்து மூன்றில் மறுபடியும் கேட்டது. நாலு படி மேலே.