பெரிய லென்ஸில் தெரிந்த முகம்

– அந்தப் பெரிய லென்ஸை எங்கிட்டயே குடுத்துடுங்க. நான் எதிர் டீம் கோலுக்குப் பின்னாடி உக்காந்துக்கறேன்.

– ஏம்மா, நம்ம பொண்ணு கோல் காக்குறது இந்தப் பக்கம். நீ மைதானத்தோட அந்தக் கோடிக்குப் போய் யாரைப் படம் எடுக்கப் போற?

– கோல் அடிக்க வர்றவங்களைத்தான். மூஞ்சி நேரா விழணும்னு பத்திரிகைல கேட்டிருக்காங்க. அதுவும் போக, அம்மா பின்னாடி உக்காந்தா எனக்குக் கை உதறுதுன்னு சொல்லிட்டா உங்க மக.

– நான் உக்காந்தா உதறாதாமா?

– அப்பாவெல்லாம் ஒரு ஆளான்னுட்டா.

– அதுசரி! அப்ப சின்ன ஜூமை வச்சுக்கிட்டு நான் இவ பக்கத்துக் கார்னர் கொடிகிட்ட இடம் போட்டுக்கறேன். வெயிலும் முதுகுக்குப் பின்னாடி. ஃபோனைக் காதுல மாட்டிக்கம்மா, கட் பண்ணிடாத.

– ஏங்க, கேக்குதா? என்ன ஆச்சு அங்க? ஒருத்தி மேல ஒருத்தி விழுந்து கிடக்காங்க!

– ஒண்ணுமில்லம்மா. நம்ம பொண்ணு பந்தைப் பிடிக்கப் பாஞ்சப்போ, எதிர் டீம் நெட்டைப் பொண்ணோட முழங்கால் இவ தலையில பட்டுடுச்சு. எந்திரிச்சுட்டா. நடுவர்கிட்ட கட்டைவிரலையும் தூக்கிக் காட்டிட்டா.

– என் லென்ஸ்ல அவ மூஞ்சி நல்லாத் தெரியுது. சரியில்லைங்க.

– உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். நான் பக்கத்துலயேதான இருக்கேன்?

– பக்கத்துல இருந்து என்ன, உங்களுக்கு முதுகுதானே தெரியும்! பந்து இங்க என் முன்னாடி கிடக்கு, அவ பந்தைப் பாக்கவே இல்ல. கண்ணு எங்கயோ நிக்குது. தண்ணி குடிக்கறேன்னு கன்னத்துல ஊத்திக்கறா.

– வெயில்மா, அதான்...

– இங்க நம்ம டீம் கோலே போட்டுடுச்சு, நான் எடுக்கல. அவளையேதான் பாத்துட்டிருக்கேன். உள்ள போய் ஆட்டத்தை நிறுத்துங்க.

– கோட்டைத் தாண்டினா பத்திரிகை பாஸைப் பிடுங்கிட்டு வெளிய தள்ளிடுவாங்கம்மா. இனிமே நம்மளைக் கூப்பிடவே மாட்டாங்க. அவளும், மானத்தை வாங்கிட்டீங்களேன்னு எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேச மாட்டா.

– பேச வேணாம். போங்க!

– இரு, இரு. இந்தப் பக்கம் திரும்பிட்டா. பாரு, சிரிக்கறா. என்னமோ கேக்கறா.

– என்ன கேக்கறா? ஏங்க? வாயைத் திறங்களேன், என்ன கேட்டா?

– மேட்ச் எப்பப்பா ஆரம்பிக்கும்னு கேக்கறாம்மா... நான் உள்ள போறேன்.