முந்தி விழித்த நீலக் கேமரா

பெயர் கென்ஸா லஹ்லூ, வயது 76, காலஞ்சென்ற அப்தல்ஹக்கின் மனைவி, மராகேஷில் வசிக்கிறேன். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள். மலைமேல் உள்ள வானாய்வகத்தில் இறந்த என் கணவருடன் நான் பேசிக்கொண்டிருந்ததாக அதன் இயக்குநர் ஷெர்காவி உங்களுக்குப் புகார் எழுதியிருக்கிறார். அது தவறு. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அங்குள்ள தொலைநோக்கி விண்மீனின் ஒளியை நான்கு நிறங்களாகப் பிரிக்கிறது. நான்கு கேமராக்கள் அவற்றை ஒரே கணத்தில் படமெடுக்க வேண்டும். அவற்றை இயக்கும் நிரலை எழுதியவள் நான். பழைய நீலக் கேமரா முக்கால் வினாடி தாமதமாகத் திறக்கும் என்பதால், மற்ற மூன்றும் அதுவரை காத்திருக்கும்படி ஒரு வரி சேர்த்திருந்தேன். மாதம் ஒருமுறை பகலில் குவிமாடத்தை இருட்டாக்கிச் சோதிப்போம். கணவர் சிமிட்டும் விளக்கைப் பிடிப்பார், நான் எண்ணுவேன்.

நீலம் மற்றவற்றோடு சேரவில்லை என்று கண்ட இயக்குநர், நிரலே பிழை, இருபத்துமூன்று ஆண்டுப் பதிவுகளும் அழிக்கப்படும் என்று அறிவித்தார். அதன்பின் சென்ற செவ்வாய் காலை பத்து மணிக்கு அங்கே போனேன். வாசலில் காவலர் ஹம்மு தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"லல்லா," என்று மரியாதையாக அழைத்தார், "முன்னாள் ஊழியர் யாரையும் விடக்கூடாதுன்னு கடுதாசி வந்திருக்கு."

"நான் என்னைக்கு ஊழியரா இருந்தேன்? ஒரு மாசச் சம்பளமாவது வாங்கினேனா?"

"அப்ப விருந்தாளி. புதினா போட்டிருக்கேன், குடிச்சிட்டுப் போங்க."

அதன்பின் உள்ளே சென்று, குவிமாடத்தைச் சாத்தி, விளக்கை நானே பிடித்தேன். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் தூசி அந்தரத்தில் நின்று, பிறகு மறைந்தது. நீலக் கேமராவின் திரையில் மட்டும் ஒளி விழுந்தது, மற்ற மூன்றும் உறங்கிக் கிடந்தன. தொலைநோக்கியின் பெரிய கண்ணாடிக்குள் யாரோ விளக்குடன் நிற்பதைக் கண்டேன். அது நான்தான் என்று தெரிய எட்டு எண்ணிக்கை ஆயிற்று.

அப்போது இயக்குநர் வந்தார். "யாரோட பேசிட்டிருக்கீங்க, மேடம்?"

"குறுக்கே பேசாதீங்க. முப்பத்தேழு."

நாற்பது முறையும் நீலம் முக்கால் வினாடி முந்தியே திறந்தது. பிழை என்னுடையது. கணவர் இறந்தபின் எங்கள் துக்க வழக்கப்படி நான் வெள்ளை உடுத்தி நான்கு மாதம் பத்து நாள் வீட்டில் இருந்தபோது புதிய நீலக் கேமரா பொருத்தினார்கள். அது தாமதிப்பதில்லை. அந்த வரியை நான் நீக்கவில்லை. திரும்பி வந்தபின் ஒன்பது ஆண்டுகளாகச் சோதிக்கவும் இல்லை. விளக்கைப் பிடிக்க வேறொருவரைக் கேட்க எனக்கு மனமில்லை.

ஆகவே, அவர் விளக்குப் பிடித்த முதல் பதினான்கு ஆண்டுப் பதிவுகள் சரியானவை. பிந்தைய ஒன்பதில் மற்ற மூன்றின் நேரமே நீலத்துக்கும் பதிவாகியுள்ளது; நீலத்தின் நேரத்திலிருந்து முக்கால் வினாடியைக் கழித்தால் அவையும் சரியாகும். எதையும் அழிக்கத் தேவையில்லை.

இதை வாசித்து, நான் சொல்லச் சொல்ல எழுதிய எழுத்தர் செய்த இரண்டு பிழைகளைத் திருத்தினேன். மீதி நான் சொன்னபடியே உள்ளது, உண்மை.

பதிவுகள் காக்கப்படுமா என்பதற்கு எழுத்துமூலம் பதில் தரவும்.

(ஒப்பம்) கென்ஸா லஹ்லூ