விரலால் முறுக்கிய போல்ட்

இந்தக் கடை டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், சார். முதல் வாய்க்குத் தொண்டை எரியும், அப்புறம் பழகிவிடும். குடியுங்கள். இந்தப் புனே நெரிசலில் வானவடியிலிருந்து விஷ்ராந்த்வாடிக்கு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறீர்கள், அவசரப்பட வேண்டாம்.

சம்பந்திக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் இருந்தவர் எழுதியது என்று பார்த்தாலே தெரிகிறது. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. என் மகன் ஷ்ரேயஸ் தன் காரைத் தானே பழுதுபார்க்கிறேன் என்று டர்போவுக்குப் போகும் எண்ணெய்க் குழாயைச் சரியாக முறுக்காமல் விட்டான், அந்தக் கவனக்குறைவால்தான் அவனும் உங்கள் மகள் ஸ்நேஹாவும் கம்பட்கி மலைப்பாதையில் வண்டி தீப்பிடித்து உயிரைவிட்டார்கள், அவனைப் பெற்றவனாக நான் மன்னிப்புக் கேட்கிறேன், பேத்தி பட்டு இனி உங்களிடமே வளரட்டும் என்று சம்பந்தி சூர்யநாராயணனுக்கு எழுதியிருக்கிறீர்கள். குழந்தையைக் கொடுத்துவிட்டு நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று அதில் எழுதவில்லை. வண்டி சம்பந்தமாக எழுதியதில் தப்பு இருக்கக்கூடாது என்றுதான் என்னிடம் காட்ட வந்திருக்கிறீர்கள்.

ஒரு வரி தப்பு. 'அந்தக் கசிவை யாரும் கண்டுபிடிக்கவில்லை' என்று மூன்றாவது பத்தியில் இருக்கிறது. அது அப்படி இல்லை, சார். நான் கண்டுபிடித்தேன். பார்த்த ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தேன். போலீஸிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் வரவில்லை என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று உங்கள் எழுத்தில் அந்த வரியைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

என் அப்பா மாடசாமி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். நான் லாரி டர்போக்களில் கை பழகி, தொண்ணூற்றாறில் இந்த ஆளந்தி ரோட்டில் சொந்தமாகக் கடை போட்டேன். டர்போ ஒன்றும் பெரிய மர்மமில்லை. என்ஜின் வெளியே தள்ளும் சூடான புகையில் ஒரு சக்கரம் சுற்றும், அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் சுற்றிக் காற்றை என்ஜினுக்குள் திணிக்கும். நடுவிலுள்ள தண்டுக்கு எண்ணெய் வேண்டும். மேலே ஒரு குழாயில் அழுத்தத்தோடு வரும், கீழே ஒரு குழாயில் தானாக வடிந்துபோகும். புகை வந்தால் இந்த மூன்றில் எது கோளாறு என்று பார்க்கவேண்டியதுதான். புனேயில் அதை என்னைப் போலப் பார்க்கிறவர்கள் அந்த நாளில் நாலைந்து பேர்கூட இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை.

ஷ்ரேயஸ் இரண்டாயிரத்து ஐந்து ஜனவரியில் வந்தான். சாதாரண பெட்ரோல் கார். அதில் எங்கேயோ பழைய டர்போ ஒன்றை வாங்கி யாரையோ வைத்து மாட்டியிருந்தான். பின்னால் நீலப் புகை. தண்டில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் சீல் போய்விட்டது என்று சொன்னேன். கழற்றி மாற்றினேன். ஒரு வாரத்தில் மறுபடி புகை. மறுபடி கழற்றினேன். நான்கு மாதத்தில் மூன்று தடவை அந்த டர்போவை இறக்கி ஏற்றினேன். உங்கள் பையன் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. "பரவாயில்லை அண்ணா, நீங்க பாத்துண்டா போறும்" என்பான். நல்ல வளர்ப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மாதிரி மாற்றம் செய்த கார் வைத்திருக்கிற பையன்கள் ஆறேழு பேர் இங்கே கூடுவார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த பெஞ்சில்தான். எந்த வண்டிக்கு என்ன செய்யலாம் என்பதில் நான் சொல்வதுதான் அவர்களுக்குத் தீர்ப்பு. எனக்குப் பிள்ளைகள் இல்லை, சார். அந்த ஞாயிறுகள் எனக்குப் பிடித்திருந்தன.

மே மாதம் ஒரு ஞாயிறு ஷ்ரேயஸ் வந்தான். காரின் பின்னால் புகையே இல்லை. எல்லோரும் பார்க்க என்னைக் கட்டிக்கொண்டான். "அண்ணா, சீல் ஒண்ணும் போகவே இல்லை. கீழ வடியற பைப் மடிஞ்சிண்டு இருந்தது. ஆயில் போக வழியில்லாம மேல ஏறி புகையா வந்திருக்கு. நெட்ல படிச்சேன். பார்க்கிங்லயே பைப்பைக் கட் பண்ணி நேராக்கிட்டேன். ஆதா கண்டா, அரை மணிகூட ஆகலை" என்றான். எனக்கும் அது சந்தோஷமாக இருக்கும் என்று நம்பித்தான் சொன்னான். அவனிடம் கள்ளம் எதுவும் கிடையாது. முதலில் சிரித்தது பத்ரிநாத் என்கிற பையன். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். ஷ்ரேயஸும் சிரித்தான், ஆனால் மற்றவர்கள் சிரிக்கிறார்களே என்பதற்காகச் சிரித்தான்.

அடுத்த வாரம் எனக்கு 'பைப்வாலா' என்று பெயர் வந்தது. அதற்கடுத்த வாரம் மூன்று பேர்தான் வந்தார்கள். ஜூலைக்குள் எல்லோரும் விமான் நகரில் ஷ்ரேயஸின் குடியிருப்புப் பார்க்கிங்கில் கூட ஆரம்பித்துவிட்டார்கள். நான் கோபப்பட்டேன் என்று நீங்கள் நினைக்கக்கூடும். கோபமில்லை. வெட்கமாக இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் தன் சொந்தக் கடையில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதன் வெட்கப்படுவது சகிக்க முடியாத விஷயம்.

அக்டோபரில் ஆயுதபூஜையன்று காலை ஷ்ரேயஸ் மறுபடி வந்தான். மறுநாள் தசராவுக்கு மகாபலேஷ்வர் மலைக்குப் போவதாக இருந்தார்கள். மறுபடி புகை, சீல்தான் போய்விட்டது போலிருக்கிறது, நீங்கள் அன்றே சொன்னீர்களே என்று பாவமாக நின்றான். நான் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். இந்த முறை புகை பின்குழாயில் இல்லை, பானெட்டுக்குள். மேலே எண்ணெய் வரும் குழாயின் போல்டிலிருந்து சொட்டுச் சொட்டாக, டர்போவின் சூடான உடம்பில் விழுந்து கருகிக்கொண்டிருந்தது. பதினேழாம் நம்பர் ஸ்பேனரால் போல்டைக் கழற்றினேன். இரண்டு செம்பு வாஷரும் நசுங்கிப்போயிருந்தன. மே மாதம் கீழ்க் குழாயை நேராக்க இதையும் கழற்றி மாட்டியபோது அவன் புதுசு போடாமல் பழசையே போட்டிருக்கிறான். எல்லோரும் செய்கிற தப்புதான். அன்றைக்கு அந்த பெஞ்சில் யாரும் இல்லை. நான் கண்டுபிடித்ததைப் பார்க்க ஒருவரும் இல்லை. அது எனக்கு என்னவோ போல் இருந்தது.

புது வாஷர் வாங்கிவர அவனை நானா பேட்டுக்கு அனுப்பினேன். என் கடை ஸ்கூட்டரில் போனான். பண்டிகைக் கூட்டம், திரும்பி வரப் பன்னிரண்டே கால் ஆகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு நான் பூஜை முடித்துவிட்டேன். எல்லாக் கருவிகளையும் கழுவி, சிவப்புத் துணியில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டியாயிற்று. அவன் டிக்கியில் வைத்திருந்த ஸ்பேனர் பெட்டியையும் அவன் போகுமுன்பே வாங்கி அதே வரிசையில் வைத்திருந்தேன். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை மறுபூஜை செய்யாமல் தொடுவதில்லை. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இது மாறியதில்லை. உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, உங்கள் வீட்டிலும் புத்தகத்தை அப்படித்தான் வைப்பீர்கள்.

"பூஜையில வச்சாச்சுப்பா. நாளைக்குக் காலையில எடுத்து மாட்டித் தாரேன்" என்றேன்.

"ஒரு போல்ட்தானே அண்ணா, ப்ளீஸ். சாயங்காலம் வண்டி வேணும். ஸ்நேஹாவை ஷாப்பிங் கூட்டிண்டு போகணும்" என்றான்.

புது வாஷர்களைப் போட்டு போல்டை விரலாலேயே முறுக்கினேன். என் விரல்கள் பலமானவை. இதற்குமேல் விரலால் போகாது, இன்னும் கால் சுற்று ஸ்பேனரால் முறுக்கவேண்டும் என்கிற இடத்தில் போல்ட் நின்றது. என்ஜினை ஓடவிட்டோம். செம்பு புதுசு, என்ஜின் ஆறியிருந்தது, சொட்டவில்லை. புகையும் இல்லை. அவன் அப்போது ஸ்நேஹாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். போனை மூடிவிட்டு, "டைட் பண்ணியாச்சா அண்ணா?" என்று கேட்டான். "ஆச்சு" என்றேன். விரலால் முறுக்குவதும் முறுக்குவதுதான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. ஊருக்குள் ஓட அது தாங்கும். மலைப்பாதையில் ஏறும்போது டர்போ தணலாகச் சிவக்கும், அதிர்வில் போல்ட் கழன்றுகொண்டே வரும், அழுத்தத்தில் எண்ணெய் அதன்மேல் பீச்சித் தீப்பிடிக்கும். எத்தனையாவது வளைவில் என்று சொல்ல முடியாது. ஆனால் மலை ஏறி முடிக்காது என்று தெரியும். தெரிந்துதான் ஆச்சு என்றேன்.

டீ ஆறிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிடுங்கள்.

விபத்துக்கு அப்புறம் போல்ட் கழன்றிருந்ததைப் பார்த்துவிட்டு, அந்த வண்டியை அறிந்தவன் என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். பையன் அடிக்கடி தானே கழற்றி மாட்டுவான், கடைசியாக வாஷர் வாங்கப் போனதுகூட அவன்தான் என்றேன். இரண்டும் உண்மை. அவர் எழுதிக்கொண்டார். நீங்கள் அந்த அறையில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தீர்கள். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு நீங்களாவது சொல்லியிருக்கப்படாதா" என்று கேட்டீர்கள். சொன்னேன் சார், கேட்கவில்லை என்றேன். அது பொய். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு பத்ரிநாத்தும் மற்றவர்களும் இங்கே திரும்பி வந்துவிட்டார்கள். தெரியாத வேலையில் கைவைத்தால் இப்படித்தான் ஆகும் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். யாரும் என்னைப் பைப்வாலா என்று கூப்பிடவில்லை.

ஆகவே கடிதத்தை மாற்றி எழுதுங்கள். கசிவைக் கோவிந்தராஜ் கண்டுபிடித்தான் என்று என் பெயர் அதில் இருக்கவேண்டும். பூஜை நேரம் குறுக்கே வந்ததால் முழுக்க முறுக்க முடியவில்லை என்றும் எழுதலாம், அது நியாயமாக இருக்கும். பட்டுவை யாருக்கும் கொடுக்கவேண்டாம். அவள் அப்பா செய்தது பழைய வாஷரை மறுபடி போட்ட தப்பு மட்டும்தான். அவள் வளர்ந்தபிறகு அதைச் சொன்னால் போதும்.

என்ன சார்? மெதுவாகச் சொல்லுங்கள், ரோட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை.

ஆமாம். நீங்கள் கேட்பது சரிதான். மறுநாள் காலை, அண்ணாகிட்ட ஸ்பேனர் பெட்டியை வாங்கிண்டு அப்படியே கிளம்பறோம் என்று உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பான். இங்கே வந்தான். அதைச் சொல்ல விட்டுப்போயிற்று.

மணி எட்டு இருக்கும். நான் ஏழரைக்கே மறுபூஜை முடித்துவிட்டேன். பழம் நைவேத்தியம் வைத்து, கருவிகளை எடுத்து, முதல் வேலையாக என் ஸ்கூட்டரில் ஒரு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன். காரை வாசலில் ஓடவிட்டபடியே இறங்கி வந்தான். ஸ்நேஹா உள்ளேயிருந்து கையசைத்தாள். பட்டுவுக்கு ஜுரம், உங்களிடம் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். அப்போதுதான் குழந்தையும் போவதாக இருந்தது என்பதே எனக்குத் தெரிந்தது. தசராவுக்குத் தங்கம் என்று மராத்திக்காரர்கள் கொடுப்பார்களே ஆப்டா இலை, அதை என் கையில் வைத்துவிட்டு ஷ்ரேயஸ் குனிந்து என் காலைத் தொட்டான். அவன் முதுகுக்கு மேலாகக் காரின் அடியில் பார்த்தேன். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று விழுந்தது.

பானெட்டைத் திறந்தால் இரண்டு நிமிஷ வேலை. அண்ணா, கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்களேன் என்று கேட்பான் என்று நினைத்தேன். உண்மையாகவே காத்திருந்தேன், சார். அவன் பெட்டியை எடுத்து டிக்கியில் வைத்து மூடினான். பார்த்துப் போப்பா என்றேன். சரி அண்ணா என்று வண்டியில் ஏறினான்.

பதினேழாம் நம்பர் ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது. அவன் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கட்டாயம் முறுக்கிக் கொடுத்திருப்பேன்.